எஞ்சினைப் பார்த்தோம், கம்பெனியைப் பார்க்கவில்லை

ரயில் பிரியர்களான நமக்கு ரயில் வரலாறு என்றால் எஞ்சின் வரலாறுதான். எத்தனை சக்கரம், எந்தப் பட்டறை, என்ன வேகம் என்று ஒருவரையொருவர் திருத்திக்கொண்டு மணிக்கணக்கில் பேசுவோம். கம்பெனியின் கதை வந்ததும் பக்கத்தைத் தள்ளிவிடுவோம். சாசனம், பங்கு, திவால், ஏலம், பெயர் மாற்றம்... யார் படிப்பது? அமெரிக்காவின் தென் கரோலினாவில் இருந்த ஒரு சின்னக் கம்பெனி விஷயத்தில் இது வெறும் சோம்பலோடு நிற்கவில்லை.

சவுத் கரோலினா கெனால் அண்ட் ரயில்ரோடு கம்பெனிக்கு 1827இல் மாநிலச் சட்டமன்றம் சாசனம் கொடுத்தது. உள்நாட்டுப் பருத்தி சவானா ஆற்றோடு இறங்கி ஜார்ஜியாவின் துறைமுகத்துக்குப் போய்க்கொண்டிருந்தது. தென் கரோலினாவின் துறைமுகமான சார்ல்ஸ்டனின் வியாபாரிகளுக்கு வயிற்றெரிச்சல். ஆற்றங்கரையில், அகஸ்டாவுக்கு எதிரே இருந்த ஹாம்பர்க் வரை தண்டவாளம் போட்டு அந்தச் சரக்கை இழுக்கப் பார்த்தார்கள். 1830 கிறிஸ்துமஸ் அன்று ‘பெஸ்ட் ஃபிரெண்ட் ஆஃப் சார்ல்ஸ்டன்’ என்ற அவர்களுடைய நீராவி எஞ்சின் பயணிகளை ஏற்றிக்கொண்டு ஓடியது. 1833 அக்டோபரில் 136 மைலும் முடிந்தபோது உலகிலேயே நீளமான ரயில் பாதை அதுதான். இவ்வளவும் நமக்கு மனப்பாடம்.

1831 ஜூன் 17ஆம் தேதியும் மனப்பாடம்தான். நீராவியின் சீற்றம் பிடிக்காமல் ஃபயர்மேன் சேஃப்டி வால்வை அமுக்கிப் பிடித்தார், பெஸ்ட் ஃபிரெண்டின் பாய்லர் வெடித்தது, அவர் செத்தார். இதை நாம் சிரித்துக்கொண்டேதான் சொல்லிவந்தோம். காயத்தோடு தப்பிய டிரைவர் நிக்கலஸ் டாரெலின் பெயர் நமக்குத் தெரியும். ஃபயர்மேன் அடிமையாக வைக்கப்பட்டிருந்த கறுப்பினத்தவர். அவருக்கும் ஒரு பெயர் இருந்திருக்குமே என்று நமக்கு உறுத்தவே இல்லை. அந்த வால்வு எதற்காக இருக்கிறது என்று அவருக்கு யாராவது சொல்லிக்கொடுத்தார்களா என்றும் கேட்கவில்லை. பழி சுமத்தப்பட்டவர் இறந்துவிட்டார். நடந்ததைச் சொன்னவர்கள் மற்றவர்கள். ஒரு சாதாரண போலீஸ் வழக்கில்கூட நாம் இவ்வளவு சுலபமாக நம்பமாட்டோம்.

விபத்துக்குப் பிறகு எஞ்சினுக்கும் பயணிகளுக்கும் நடுவே பஞ்சுப் பொதி அடுக்கிய வண்டி ஒன்றைக் கோத்தார்கள். என்ன சாமர்த்தியம் என்று வியந்தோம். எஞ்சின்மேல் நின்று வேலை செய்தவர்களுக்கு அந்தப் பஞ்சால் ஒரு பயனும் இல்லை என்பதைக் கவனிக்கவில்லை.

தலைமைப் பொறியாளர் ஹொரேஷியோ ஆலனின் பெயரை நாம் விடாமல் சொல்கிறோம். சதுப்பில் மரத்தூண் அடித்தவர்களைப் பற்றிப் பேசுவதில்லை. அந்த உழைப்பில் பெரும்பங்கு அடிமைகளுடையது. பண்ணை முதலாளிகளிடமிருந்து கம்பெனி அவர்களை வாடகைக்கு எடுத்தது. பிறகு விலைக்கும் வாங்கியது. வாங்கிய பின் அவர்கள் கம்பெனியின் சொத்து. எஞ்சின் புத்தகத்தில் இது இருக்காது. நாம் தள்ளிவிட்ட பக்கங்களில்தான் இருக்கும்.

கம்பெனியின் பெயர் மாற்றங்களையும் வினாடி வினாக் கேள்விகளாக மட்டுமே வைத்திருந்தோம். மலை தாண்டிச் சின்சினாட்டிக்குப் போவோம் என்று கிளம்பி, தாண்டாமலே நின்ற இன்னொரு கம்பெனியோடு இணைந்து 1840களில் இது சவுத் கரோலினா ரயில்ரோடு ஆனது. 1881 ஏலத்துக்குப் பின் சவுத் கரோலினா ரயில்வே, 1894இல் சவுத் கரோலினா அண்ட் ஜார்ஜியா, 1899இல் சதர்ன் ரயில்வேயிடம் குத்தகை. 1982 முதல் அந்த சதர்னும் நார்ஃபோக் சதர்ன் குழுமத்துக்குள். ஒவ்வொரு கைமாற்றத்திலும் பங்கும் கடனும் எங்கே போயின என்று எழுதிவைத்திருக்கிறார்கள். விலைக்கு வாங்கப்பட்ட மனிதர்கள் எங்கே போனார்கள் என்பது அந்தக் கணக்கில் வராது. வராததை நாமும் தேடவில்லை.

ஹாம்பர்க்கையும் கடைசி ஸ்டேஷன் என்பதோடு விட்டுவிட்டோம். 1850களில் ஆற்றைத் தாண்டி ரயில் அகஸ்டாவுக்கே போனதும் அந்த ஊர் நொடித்தது. உள்நாட்டுப் போருக்குப் பின் விடுதலை பெற்ற கறுப்பின மக்கள் அங்கே குடியேறி ஊரை நடத்தினார்கள். 1876 ஜூலையில் வெள்ளையர் கும்பல் அவர்களைத் தாக்கிச் சிலரைக் கொன்றது.

இனி பெஸ்ட் ஃபிரெண்ட் பற்றி எழுதுகிறவர்கள் அந்தச் சிரிப்பை எடுத்துவிடுங்கள். ஃபயர்மேன் யாருடைய உடைமையாக இருந்தார் என்ற கேள்வியை முதல் பத்தியிலேயே வையுங்கள்.