பரபக்கத்தில் இடம்பெறாத புத்தர்

கெடிலக் கரையில் திருவந்திபுரத்தில் நெடுங்காலம் வாழ்ந்த வைணவ ஆசாரியர் வேதாந்த தேசிகர், பிற சமயங்களை ஒவ்வொன்றாக எடுத்து மறுத்து எழுதிய நூல் பரமதபங்கம். பண்ணுருட்டிப் பக்கத்துத் திருத்துறையூர் அருணந்தி சிவாசாரியார் சிவஞான சித்தியாரின் பரபக்கத்தில் சைவத்துக்காக இதே வேலையைச் செய்தார். இரண்டிலும் பௌத்தம் மாத்யமிகம், யோகாசாரம், சௌத்திராந்திகம், வைபாடிகம் என நான்காக வகுக்கப்பட்டு மறுக்கப்படுகிறது. விகாரைகள் மறைந்து, குண்டலகேசியில் சில பாடல்களே எஞ்சிய பிறகு, தமிழர் பௌத்தத்தை அறிந்ததில் பெரும்பங்கு இத்தகைய மறுப்பு நூல்களின் வழியேதான். அவற்றின் உழைப்பு பெரிது. அவற்றை எழுதியவர்கள் எதிராளியின் வாதத்தைப் படித்துவிட்டுத்தான் மறுத்தார்கள். ஆனால் ஆன்மா உண்டா, உலகம் கணத்தில் அழிகிறதா, எல்லாம் சூனியமா என்பவையே அவர்கள் எடுத்துக்கொண்ட வழக்குகள். எல்லா உயிரிலும் புத்தராகும் தகுதி இருக்கிறது என்ற ததாகதகர்ப்பக் கொள்கைக்கு அங்கே தனித் தலைப்பு இல்லை. பௌத்தம் ‘இல்லை’ என்று மட்டுமே சொன்ன சமயம் என்ற எண்ணம் நம்மிடம் ஊறிப்போனதற்கு இந்த விடுபடலும் ஒரு காரணம் என்பது எங்கள் கருத்து.

ததாகதகர்ப்ப சூத்திரம் இந்தக் கொள்கையை ஒன்பது உவமைகளால் விளக்குகிறது. தேனீக்கள் சூழ்ந்த தேன், உமிக்குள் தானியம், ஏழை வீட்டுத் தரைக்கடியில் புதையல் என்று போகும் வரிசையில் கடைசி உவமை வார்ப்புத் தொழிலிலிருந்து வருகிறது. மெழுகில் உருவம் பிடித்துக் களிமண் பூசுகிறார்கள். சூடேற்றியதும் மெழுகு உருகி ஓடிவிடுகிறது. அந்த வெற்றிடத்தில் பொன்னை ஊற்றுகிறார்கள். ஆறியபின் கையில் இருப்பது கரிபிடித்த மண்கட்டிதான். பார்ப்பவர் முகம் சுளிப்பார். வார்த்தவர் உள்ளே இருப்பது என்னவென்று தெரிந்து தட்டி உடைப்பார். நாகப்பட்டினத்தில் 1856 முதல் கிடைத்த சுமார் 350 பௌத்தப் படிமங்களைக் கண்ட தமிழருக்கு இந்த உவமை அந்நியமாக இருக்காது. தட்டும் கை உள்ளிருக்கும் உருவத்தைப் படைப்பதில்லை. ஆனால் தட்டாவிட்டால் அது கடைசிவரை மண்கட்டிதான். ‘ஏற்கெனவே உள்ளிருந்தால் பயிற்சி எதற்கு?’ என்பவர்களுக்கு இவ்வளவே பதில்.

இந்தக் கொள்கை ஆன்மாவையே வேறு பெயரில் கொண்டுவருவதாகாதா என்ற ஆட்சேபம் இன்னும் கனமானது. இலங்கையைக் களமாகக் கொண்ட லங்காவதார சூத்திரத்தில் போதிசத்துவர் மகாமதி இதையே கேட்கிறார். ‘நான்’ இல்லை என்றதும் அஞ்சுகிறவர்களை அழைத்துவரும் வழி இது, பொருளாகப் பற்றிக்கொள்ளாதே என்பது அங்கே கிடைக்கும் விடையின் சாரம். 1980களில் ஜப்பானிய அறிஞர்கள் ஹகமாயா நோரியாகியும் மாட்சுமோட்டோ ஷிரோவும் அந்த விடையில் நிறைவடையாமல், ததாகதகர்ப்பம் பௌத்தமே அல்ல என்றனர். உள்ளே ஏதோ நித்தியப் பொருள் இருப்பதாக வாசித்தால் அவர்கள் சொல்வது சரி. எந்த உயிரையும் தகுதியற்றதென்று தள்ளக் கூடாது என்ற உறுதியாக வாசித்தால் அந்த ஆட்சேபம் நிற்காது. ஐந்தாம் நூற்றாண்டுச் சீனத்தில் தாவோஷெங் என்ற துறவி, மீட்சியே இல்லை எனக் கைவிடப்பட்ட இச்சந்திகருக்கும் புத்த இயல்பு உண்டு என்றதற்காகச் சங்கத்திலிருந்து வெளியேற்றப்பட்டார். மகாபரிநிர்வாண சூத்திரத்தின் விரிவான மொழிபெயர்ப்பு வந்தபின் அவர் சொன்னதே சரியென்றாயிற்று. அங்கே யாரை வெளியே நிறுத்தலாம் என்பதே கேள்வியாக இருந்தது. மணிமேகலை இந்தக் கொள்கையைப் பேசவில்லை. என்றாலும் கணிகையர் குலத்துப் பெண்ணை அறவண அடிகளின் மாணவியாக்கிய காப்பியம் எந்தப் பக்கம் நின்றது என்பதில் ஐயமில்லை.

ஹகமாயாவின் கோபத்துக்குத் தத்துவம் மட்டும் காரணமல்ல. 1979இல் உலகச் சமய மாநாடு ஒன்றில் சோட்டோ ஜென் தலைவர் மச்சிதா முனேயோ, ஜப்பானில் ஒடுக்கப்பட்ட புராக்கு மக்கள்மீது பாகுபாடே இல்லை என்றார். எல்லோருக்கும் புத்த இயல்பு என்று ஓதிய அதே மரபின் கோயில்கள், அந்த மக்களில் இறந்தவர்களுக்கு இழிவான பெயர்களைச் சூட்டியிருந்தன. பிறகு அவர் தம் பேச்சைத் திரும்பப் பெற்றார். உள்ளே எல்லோரும் சமம் என்பது வெளியே எதையும் மாற்றாமலிருக்கச் சாக்காகுமானால், அந்தக் கொள்கையால் யாருக்கு என்ன பயன்? இந்தக் குற்றச்சாட்டைச் சிதம்பரத்தின் பக்கத்தில் இருந்துகொண்டு எளிதில் ஒதுக்க முடியாது. பெரியபுராணத்தில் திருநாளைப்போவார் என்னும் நந்தனார் தில்லைக்குள் புக நெருப்பில் இறங்க வேண்டியிருந்தது. வெளியே வந்தது பூணூல் அணிந்த முனிவரின் மேனி. அன்பு முழுமையாக இருந்தும் உடல் மாறிய பிறகே கதவு திறந்தது. தமிழ்ப் பௌத்தச் சிந்தனையாளர் அயோத்திதாசர் நந்தனைப் பௌத்த மன்னனாக வாசித்ததில் உள்ள வேகம் இந்த இடத்தில்தான் புரிகிறது.

மகாயான நூல்களே இதற்கு ஒரு விடை வைத்திருக்கின்றன. தகுதியை அவை கோத்திரம் என்கின்றன: இயல்பாக உள்ளது ஒன்று, வளர்த்தெடுக்கப்படுவது மற்றொன்று. கேள்வியும் நல்லாசிரியரும் வாய்க்காமல் இரண்டாவது வளராது. அப்படியானால் ஒருவரிடம் புத்த இயல்பு உண்டு என்று சொல்பவர், அது வளர்வதற்கான இடத்தையும் அவருக்குத் தரக் கடமைப்பட்டவர். 1916இல் சிதம்பரத்தில் ஒடுக்கப்பட்ட பிள்ளைகளுக்காகச் சுவாமி சகஜானந்தர் நந்தனார் பெயரில் பள்ளி தொடங்கினார். அவர் பௌத்தர் அல்லர்; அவரைப் பௌத்தத்தின் கணக்கில் சேர்ப்பது நோக்கமும் அல்ல. நெருப்பைக் கடந்து வந்தபின் ஏற்கப்பட்ட நந்தனாரின் பெயரில், எந்தச் சோதனையும் வைக்காமல் பிள்ளைகளைச் சேர்த்துக்கொண்ட பள்ளி அது. வளர்த்தெடுக்கப்படும் கோத்திரம் என்று சூத்திரங்கள் சொல்வதற்கு இந்த வட்டாரத்தில் இதைவிடத் தெளிவான சான்று கிடைக்காது.