சொல்வன்மை இரவற் பொருளா?

கல்லூரி ஆங்கில வகுப்புகளில் சொல்வன்மையும் ஒரு பாடம். பேசுவோன் தகைமை, கேட்போர் உள்ளம், கூற்றின் ஏரணம் என அரிசுட்டாட்டில் வகுத்த மூன்றையும் அயற்பெயரால் நெட்டுருச் செய்கின்றான் தமிழ் மாணவன். கிரேக்க அறிஞனைக் கற்பது தவறன்று. எவர் அறிவாயினும் கொள்ளத்தக்கதே. அக்கலையே ஆங்கிலத்தோடு வந்தது என அவன் நம்பிவிடுவதுதான் கேடு.

திருக்குறளின் 65-ஆம் அதிகாரம் சொல்வன்மை. கேட்போரை அளந்தறிய அவையறிதலும், அவர்முன் நடுங்காது நிற்க அவையஞ்சாமையும் 72, 73-ஆம் அதிகாரங்களாய் உள்ளன. தொல்காப்பியம் உள்ளத்து உணர்வுகளை எண்வகை மெய்ப்பாடுகளாய்ப் பகுத்தது. மணிமேகலை அறிவின் அளவைகளை விரித்துரைத்தது. இவற்றை முன்வைத்துத் தொடங்கினால், ஆங்கிலச் சொல் ஒவ்வொன்றும் அறிந்த பொருளில் வேர்கொள்ளும்.

கல்வராயன் மலைக்கோ இது வெறும் பாடச் சிக்கலன்று. 1976 வரை குறுநிலத் தலைவர்களின் பிடியில் இருந்த மலை அது. 2019-இல் கள்ளக்குறிச்சி தனி மாவட்டமாயிற்று. ஆயினும் நிலத்துக்கும் சாலைக்கும் சான்றிதழுக்கும் அலுவலர்முன் நின்று வழக்குரைக்க வேண்டியவர் மலைமக்களே. அங்கே உதவுவது மனப்பாடம் செய்த அயற்பெயர்கள் அல்ல; சான்று காட்டி, முறைபிறழாது, அஞ்சாது தமிழில் எடுத்துரைக்கும் ஆற்றலே. சாமைக்கும் தினைக்கும் கடுக்காய்க்கும் அம்மக்கள் வழங்கும் சொற்களை இழிவென ஒதுக்கும் வகுப்பு, அவர்தம் பிள்ளைகளின் நாவையே கட்டிவிடுகின்றது.

ஆங்கில ஆசிரியரும் தமிழாசிரியரும் ஒருங்கமர்ந்து இப்பாடத்தை நடத்தட்டும். மாணவன் முதலில் தன் ஊர்க்குறையைத் தமிழில் எடுத்துரைக்கட்டும். பின்னர் அதனையே ஆங்கிலத்தில் எழுதட்டும். தன் மொழியில் வழக்குரைக்க அறியாதவனுக்கு அயன்மொழி ஒருநாளும் நாவாகாது.