377 குருசுக்குப்பத்துக்கு எப்போ வந்துச்சு?

‘இது நம்ம கலாச்சாரமே இல்ல, மேற்கிலிருந்து வந்தது.’ ஒருபாலீர்ப்பு பற்றிப் பேச்சு எடுத்தாலே மத அமைப்புகள் சொல்லும் முதல் வரி இது. மற்ற எதிலும் ஒத்துப்போகாதவர்கள் இதில் மட்டும் கைகோத்துக்கொள்கிறார்கள். 2009-ல் டெல்லி உயர் நீதிமன்றம் 377-வது பிரிவைத் தளர்த்தியதும் முஸ்லிம் தனிநபர் சட்ட வாரியம், கிறிஸ்தவ அமைப்புகள், ஒரு ஜோதிடர் என வரிசையாக உச்ச நீதிமன்றம் போனார்கள். 2013-ல் ஜெயித்தார்கள். 2018 செப்டம்பர் 6 வரை அதுதான் நிலைமை.

சரி, மேற்கிலிருந்து வந்தது எது? 377, பிரிட்டிஷார் 1860-ல் எழுதியது. பிரெஞ்சுக்காரர்கள் 1791-லேயே இந்தக் குற்றத்தைத் தங்கள் சட்டத்திலிருந்து தூக்கிவிட்டார்கள். பிரெஞ்சு சட்டம் நடந்த குருசுக்குப்பத்துக்கு 377 வந்ததே 1963-ல், இந்திய தண்டனைச் சட்டம் புதுச்சேரிக்கு நீட்டிக்கப்பட்டபோதுதான். (ஒயிட் டவுனில் செல்ஃபி எடுக்கும் நம்மில் எத்தனை பேருக்கு இது தெரியும்?)

இந்தப் பேச்சு மேடையோடு நிற்பதில்லை. ‘ஜெபம் பண்ணா, பரிகாரம் செஞ்சா சரியாயிடும்’ என்று வீட்டுக்குள் நுழைகிறது. அடுத்து டாக்டர். பாலீர்ப்பை மருத்துவத்தால் மாற்றும் முயற்சிகளுக்கு 2021 ஜூன் 7-ல் சென்னை உயர் நீதிமன்ற நீதிபதி ஆனந்த் வெங்கடேஷ் தடை விதித்தார். அதன்பின் 2022-ல் தேசிய மருத்துவ ஆணையம் அதைத் தொழில் ஒழுங்கு மீறலாக அறிவித்தது. அப்படி ‘சிகிச்சை’ தரும் டாக்டர் மீது மருத்துவக் கவுன்சிலில் புகார் கொடுக்கலாம்.