பெல்ஜியத்தில் கொக்கோ மரம் உண்டா?

திருகோணமலை மாவட்டத்து இலங்கைத்துறையில் வளர்ந்த எமக்குச் சொக்லேற் என்ற சொல் பின்னாளில்தான் வந்தது. கண்டியிலிருந்து வருபவர்கள் கொணர்ந்ததைக் 'கண்டோஸ்' என்றே அழைத்தோம். கம்பனியின் பெயர் பண்டத்துக்கே ஆகிவிட்டிருந்தது. அம்மோகம் ஐம்பது கடந்தும் தீராததால், பாரிஸில் நடைபெறும் 'சலோன் து சொக்கொலா' கண்காட்சிக்கு மருமகனுடன் போனேன்.

சுவைத்தேன், மறுக்கவில்லை. சொக்லேற்றால் ஆடை சமைத்து அழகிகளை நடக்கவிட்டதற்கும் கைதட்டினேன். கொக்கோ விளையும் நாடுகளின் கூடங்களும் அங்கே இருக்கத்தான் செய்தன. ஆயினும் எம்போன்ற இரசிகர்களின் வாயில் ஓயாது புரண்டவை பெல்ஜியம், சுவிஸ் என்ற பெயர்களே. அங்கெல்லாம் கொக்கோத் தோட்டம் ஒன்றாவது உண்டா? பூமத்திய ரேகைக்கு இருபுறமும் ஏறக்குறைய 20 பாகைக்குள் செழிக்கும் மரமல்லவா அது!

தேயிலையைப் பாருங்கள். இலண்டனில் பொதி செய்தாலும் சிலோன், அசாம், டார்ஜிலிங் என்று விளைந்த மண்ணின் பெயரையே சுமக்கிறது. 19ஆம் நூற்றாண்டிலேயே மாத்தளைக் கொக்கோ கப்பலேறியது. அப்பெயரை இன்று எவர் அறிவார்?

பெயர் மறைந்தால் பொறுப்பும் மறையும். உலகக் கொக்கோவில் பாதிக்கு மேல் ஐவரி கோஸ்ற், கானா ஆகிய இரு நாடுகளில் விளைகிறது. அங்குள்ள தோட்டங்களில் கொடிய சிறுவர் உழைப்பை 2005இற்குள் ஒழிக்க வழிசெய்வோமென 2001இல் ஹார்கின்-எங்கெல் உடன்படிக்கையில் பெருங்கம்பனிகள் ஒப்பமிட்டன. தவணைதான் தள்ளிப்போனது. 2024 டிசம்பரில் நியூயோர்க்கில் தொன் 12,000 டொலரைத் தாண்டியபோதும் அந்நாட்டு விவசாயிக்குக் கிடைத்தது அரசு முன்னரே நிர்ணயித்த, அதனினும் மிகக் குறைந்த விலைதான்.

இனி எவரேனும் 'பெல்ஜியச் சொக்லேற்' என நீட்டினால், எந்த ஊர்க் கொக்கோ என்று கேட்டபின்பே வாயில் போடுவேன். மருமகன் இப்போதே முகம் சுளிக்கிறான்.