பெயின்ட் அடிப்பதற்கு முன்

ஆகஸ்ட் 15-க்கும் ஜனவரி 26-க்கும் முந்தைய வாரங்களில் நாடெங்கும் ஒரு வேலை தவறாமல் நடக்கிறது. கல்லூரி வாசலிலும் சாலைச் சந்திப்பிலும் போர் நினைவிடங்களிலும் சிமென்ட் பீடத்தின் மேல் நிற்கும் பழைய டாங்கிக்குப் புதுப் பெயின்ட் ஏறுகிறது. போன ஆண்டு அடித்ததன் மேல் இன்னொரு பூச்சு, அதற்கும் கீழே பல ஆண்டுப் பூச்சுகள். மாலை போட்டு, கொடியேற்றி, படம் எடுத்துக்கொண்டு எல்லோரும் கலைகிறார்கள். வெளியே பளிச்சென்று இருப்பதால் உள்ளே என்ன ஆகிறது என்று யாரும் பார்ப்பதில்லை. உள்ளே, மேல்மூடியின் ரப்பர் வளையம் வெடித்த இடத்தில் இறங்கிய மழைநீர் ஓட்டுநர் இருக்கைக்கு அடியில் தேங்கிக் கிடக்கிறது. அடித்தட்டில் இருக்கும் வடிகால் துளையைச் சருகும் சேறும் அடைத்திருக்கின்றன. கம்பிச் சுருள்களும் பெட்டிகளும் அந்தத் தண்ணீரில் ஊறிப் பொருக்கு தட்டுகின்றன. அடித்தட்டைத் துரு தின்று முடித்த பிறகுதான் வெளிப் பெயின்டில் முதல் கொப்புளம் தெரியும். அதன்மேலும் அடுத்த ஆகஸ்டில் பெயின்ட் அடித்துவிடுவோம்.

ராணுவ வாகனத்தைக் காப்பது என்றால் முதலில் அதை நனையாமல் வைக்க வேண்டும். அடுத்து அது எந்த வண்டி என்று எழுதி வைக்க வேண்டும். அழகுபடுத்துவதும் ஓட்டிக் காட்டுவதும் அதற்குப் பிறகுதான். இதுவே இந்த இதழின் நிலைப்பாடு. நாம் செய்துவருவதோ நேர் தலைகீழ். வண்டி வந்து இறங்கியதும் பீடம் கட்டுகிறோம், பெயின்ட் அடிக்கிறோம், திறப்பு விழா நடத்துகிறோம். சேர்க்கைப் பதிவேட்டில் ‘டாங்கி - 1’ என்று ஒரு வரி விழுகிறது. அதற்கு மேல் எழுதுவதற்கான தகவல் அப்போது அந்த வண்டியின் மேலேயே இருந்தது, நாமே அதை மூடிவிட்டோம் என்பதுதான் வேதனை. இந்திய ராணுவ வாகனங்களின் பதிவு எண் பொதுவாக மேல்நோக்கிய ஓர் அம்புக்குறியில் தொடங்கும். அடுத்த இரண்டு இலக்கங்கள் வண்டி வாங்கப்பட்ட ஆண்டைச் சொல்லும். பிறகு எழுத்தும் வரிசை எண்ணும் வரும். கவசப் படையினர் இதை பி.ஏ. எண் என்பார்கள். இந்த எண் கையில் இருந்தால் அந்த வண்டி எந்த ரெஜிமென்டில் இருந்தது, எங்கே போனது, எப்போது கழிக்கப்பட்டது என்று தேடத் தொடங்கலாம். எண் போனால் அது வெறும் முப்பத்தாறு டன் இரும்பு.

கிருஷ்ணகிரி மாவட்டத்தில் இருப்பவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. நடுகற்கள் நிறைந்த மண் இது. எழுத்துள்ள ஒரு நடுகல்லைப் படித்தால் எந்த அரசனின் எத்தனையாவது ஆட்சியாண்டு, எந்தப் பூசல், விழுந்தவன் யாருடைய சேவகன், அவன் பெயர் என்ன என்பதெல்லாம் சில வரிகளில் கிடைத்துவிடுகின்றன. ஆயிரம் ஆண்டுக்கு முந்தைய கல்தச்சன் தவறாமல் செதுக்கிய அந்த விவரங்களை, சில பத்தாண்டுகளே ஆன டாங்கியின் முன்னால் நாம் நட்டிருக்கும் பலகையில் தேடினால் கிடைக்காது. வகைப் பெயர், எடை, பீரங்கிக் குழாயின் விட்டம், வேகம் ஆகியவை இருக்கும். இவை எந்தப் புத்தகத்திலும் கிடைக்கும். இந்த ஒரு வண்டிக்கு மட்டுமே உரிய செய்தி அதில் ஒன்றும் இருக்காது.

பெயின்டுக்கு அடியில் என்ன இருக்கிறது என்று பார்க்கப் பெரிய கருவி எதுவும் வேண்டாம். சுழல் கோபுரத்தின் ஓரத்தில் கட்டைவிரல் அளவு இடத்தைத் தேர்ந்து, அறுவைக் கத்தியால் பூச்சுகளை ஒவ்வொன்றாகச் சாய்வாக நீக்கினால் பழைய மரத்தின் வளையங்களைப் போல அடுக்குகள் தெரியும். மேலே பளபளக்கும் எனாமல் பச்சை, அதற்கடியில் இன்னொரு பச்சை, சில வண்டிகளில் பாலைவன மணல் நிறம், பிறகு ஸ்டென்சில் வைத்து அடித்த படைப்பிரிவுக் குறியின் ஒரு மூலை, எல்லாவற்றுக்கும் கீழே ஆலையில் பூசிய பிரைமர். ‘பழைய பெயின்டையெல்லாம் சுத்தமாக எடுத்துவிட்டு அடிக்கிறோம்’ என்று சாண்ட் பிளாஸ்டிங் செய்யும் ஒப்பந்தக்காரர் இத்தனையையும் ஒரு மதியத்தில் தூளாக்கிவிடுகிறார். 1965 செப்டம்பரில் பஞ்சாபின் கேம்கரன் பகுதியில் நடந்த அசல் உத்தர் போரில் பாகிஸ்தானின் 97 டாங்கிகள் அழிக்கப்பட்டன அல்லது பிடிபட்டன என்பது நம் தரப்புக் கணக்கு. அவற்றுள் பாட்டன் வகை டாங்கிகள் பல வெற்றிச் சின்னங்களாக நாடெங்கும் அனுப்பப்பட்டன. குண்டு துளைத்த ஓட்டையின் விளிம்பில் இரும்பு எந்தப் பக்கமாக மடிந்திருக்கிறது என்பதை வைத்தே அடி எந்தத் திசையிலிருந்து விழுந்தது என்று சொல்ல முடியும். அந்த ஓட்டையைத் தகடு வைத்து அடைத்து மழமழவென்று பூசிவிட்டால், அந்த வண்டி நமக்கு எதற்காக வந்ததோ அந்தச் சான்றையே அழித்துவிடுகிறோம்.

இனி நனைவதைப் பற்றி. சென்னையில் நிற்கும் வண்டிக்குக் கடற்காற்றின் உப்பு எதிரி. இரும்பின் மேல் உப்பு படிந்துவிட்டால் காற்றில் ஈரம் குறைவாக இருக்கும்போதும் துரு நடந்துகொண்டே இருக்கும். தளி, ஓசூர் பீடபூமியில் அந்தத் தொல்லை இல்லை. ஆயிரம் மீட்டரை ஒட்டிய உயரம், கடலிலிருந்து வெகுதூரம். வெள்ளைக்காரர்கள் தளியைக் குட்டி இங்கிலாந்து என்றதற்குக் காரணமான அதே குளிர்தான் இங்கே வேறொரு வழியில் வேலை செய்கிறது. மார்கழி அதிகாலையில் தளிப் பக்கம் வெளியே கிடக்கும் எந்த இரும்பைத் தொட்டாலும் கை நனையும். கனத்த கவசத் தகடு இரவெல்லாம் வானத்தை நோக்கி வெப்பத்தை விட்டுச் சில்லிட்டுப் போகிறது. வெயில் ஏறிக் காற்று சூடான பிறகும் தகடு சில மணி நேரம் குளிர்ந்தே இருக்கும். அந்த இடைவெளியில் காற்றின் ஈரமெல்லாம் அதன்மேல் படிகிறது. மூடிக்கிடக்கும் வண்டியின் உட்சுவரிலும்தான். மழையே பெய்யாத மாதத்திலும் இப்படி நாள்தோறும் ஒரு முறை வண்டி நனைந்து காய்கிறது. தகட்டுக்கும் திறந்த வானத்துக்கும் நடுவே ஒரு கூரை வந்துவிட்டால் தகடு அந்த அளவுக்குக் குளிர்வதில்லை, பனிநீரும் பெரும்பாலும் நின்றுவிடுகிறது. ஆகவே கூரை மழைக்காக மட்டும் கேட்கப்படுவதல்ல. மார்கழிக்கும் அது வேண்டும்.

‘கூரைக்குப் பணம் எங்கே?’ என்பது எப்போதும் வரும் கேள்வி. கண்ணாடிச் சுவரும் குளிர்சாதனமும் கொண்ட மண்டபத்தை யாரும் கேட்கவில்லை. ஓசூர் சிப்காட்டில் எந்தச் சிறு பட்டறைக்கும் மேலே இருக்கும் இரும்புச் சட்டமும் துத்தநாகம் பூசிய தகடும் பக்கவாட்டில் வலையும் போதும். கிரானைட் பதித்த பீடம், புல்தரை, வண்ண விளக்கு, ஆண்டுதோறும் பெயின்ட் கூலி ஆகியவற்றுக்குச் செலவிடும் நிறுவனம் ஷெட் போட முடியாது என்றால், அதற்குக் காரணம் பணமில்லாமை அல்ல; முதலில் எதற்குச் செலவிடுவது என்ற கணக்குத்தான் பிழை. மேலும் எல்லா வண்டிக்கும் கூரை வேண்டியதில்லை. டி-55 வகையில் பல ஊர்களில் பல வண்டிகள் நிற்கின்றன. வரலாறு தெரியாத, உள்ளே ஏற்கெனவே கழற்றி வெறுமையாக்கப்பட்ட ஒன்று வெளியிலேயே நினைவுச் சின்னமாக நிற்கட்டும். வடிகாலைத் திறந்து, காற்றோட்டம் கொடுத்தால் போதும். வரலாறு தெரிந்ததும், உட்பாகம் குலையாததும், வகையில் அரிதானதும்தான் முதலில் உள்ளே போக வேண்டும். 1994-ல் தொடங்கப்பட்ட அகமதுநகர் கவசப்படை அருங்காட்சியகத்தில் ரோல்ஸ் ராய்ஸ் கவசக் கார் முதல் ஜப்பானின் டைப் 95 வரை இருக்கின்றன. நாட்டில் இதற்கு ஈடான தொகுப்பு இல்லை. அங்கேயே பெரும்பாலான வண்டிகள் திறந்தவெளியில் நிற்கின்றன என்பதை ஒரு குறையாகச் சொல்லவில்லை, எல்லோருக்கும் உரிய வேலையாகச் சொல்கிறோம். முதல் உலகப் போரின் ஜெர்மன் ஏ7வி டாங்கிகளில் உலகில் எஞ்சியிருப்பது ஒன்றே ஒன்று; 1919-ல் பிரிஸ்பேன் வந்த அதுவும் பல பத்தாண்டுகள் அருங்காட்சியகத்தின் வெளியே நின்ற பிறகுதான் உள்ளே போனது.

இன்னொரு மறுப்பு அனுபவமுள்ள மெக்கானிக்குகளிடமிருந்து வருகிறது. ஓடாத எஞ்சின் செத்த எஞ்சின், ஓட்டிக்கொண்டே இருப்பதுதான் உண்மையான பராமரிப்பு என்கிறார்கள். இதில் பாதி உண்மை. நின்றே கிடந்தால் சீல்கள் காய்ந்து, பிஸ்டன் இறுகிவிடும். ஆனால் ஓடும் ஒவ்வொரு மணியும் பேரிங்கையும் லைனரையும் டிராக் ஊசிகளையும் தின்கிறது. மாற்றிப் போடுவது அசல் பாகமாக இருக்காது. 1943-ல் துனிசியாவில் பிடிபட்ட டைகர் 131-ஐ இங்கிலாந்தின் பாவிங்டன் அருங்காட்சியகம் ஓட்டிக் காட்டுகிறது, உண்மைதான். ஆண்டில் மிகச் சில நாட்கள், குறைந்த தூரம், சொந்தப் பட்டறையும் பயிற்சி பெற்ற ஆட்களும் பின்னால் நிற்க. அதே அருங்காட்சியகம்தான் 2013-ல் வெளியே கிடந்த வண்டிகளுக்காகத் தனியாகக் காப்பகக் கட்டடம் எழுப்பியது. ஓட்டிக் காட்டுவதில் உலகப் பெயர் பெற்றவர்களே கூரைக்குப் பணம் திரட்டினார்கள் என்பதை நம் மெக்கானிக் நண்பர்கள் கவனிக்க வேண்டும்.

ஆவடிக்கு வருவோம். 1961-ல் நிறுவப்பட்ட கனரக வாகன ஆலையிலிருந்து 1965 டிசம்பரில் முதல் விஜயந்தா டாங்கி வெளிவந்தது. 1980-களின் தொடக்கம் வரை 2,000-க்கும் மேற்பட்டவை செய்யப்பட்டன. பிரிட்டனின் விக்கர்ஸ் வடிவமைப்பு, 105 மி.மீ. பீரங்கி, லேலண்டின் எல்60 எஞ்சின். அந்த எஞ்சினைப் பார்த்தவர்கள் மறக்க மாட்டார்கள்: ஒவ்வொரு சிலிண்டரிலும் எதிரெதிராக இரண்டு பிஸ்டன், சிலிண்டர் ஹெட் கிடையாது, மேலே ஒன்றும் கீழே ஒன்றுமாக இரண்டு கிராங்க் ஷாஃப்ட். லைனரில் தண்ணீர் கசியும் கோளாறுக்குப் பேர்போனது. தமிழ்நாட்டுத் தொழிலாளர்கள் அதைச் சமாளித்து ஓடவைத்த விதம் எந்தக் கையேட்டிலும் முழுதாக இருக்க வாய்ப்பில்லை. அவர்கள் வாயிலிருந்து கேட்டால்தான் உண்டு. அவர்களுக்கு இன்று வயதாகிவிட்டது. 2021 அக்டோபரில் படைக்கலத் தொழிற்சாலைகள் ஏழு நிறுவனங்களாகப் பிரிக்கப்பட்டு, ஆவடி ஆலை கவச வாகன நிறுவனத்தின் கீழ் வந்தது. நிர்வாகம் மாறும் காலத்தில்தான் பழைய வரைபடங்களும் சோதனைப் பதிவேடுகளும் எடைக்குப் போகும் ஆபத்து அதிகம். விஜயந்தாவைக் காப்பது என்பது பீடத்தில் நிற்கும் வண்டியோடு முடிவதல்ல. வரைபடமும் பதிவேடும் தொழிலாளர் வாக்குமூலமும் அதே சேர்க்கை எண்ணின் கீழ் வர வேண்டும்.

தேர்வில் இன்னொரு கோணலும் இருக்கிறது. டாங்கி என்றால் பீடம் கிடைக்கிறது, ஜீப்பும் லாரியும் ஏலத்துக்குப் போகின்றன. அசல் உத்தரில் நம் தரப்பில் மிகவும் பேசப்பட்ட வாகனம் வீரர் அப்துல் ஹமீது 106 மி.மீ. பீரங்கி பொருத்திப் போரிட்ட ஜீப். 1950-களின் இறுதியில் ஜபல்பூரில் தொடங்கி முப்பது ஆண்டுகளுக்கு மேல் ராணுவத்தைச் சுமந்தது சக்திமான் லாரி. அதற்குப் பக்கத்திலேயே ஜோங்கா ஜீப். இவற்றில் ஒன்றைக்கூட முழு உட்பாகத்தோடு வைத்திருக்கும் பொது அருங்காட்சியகத்தைத் தமிழ்நாட்டில் தேடித்தான் பிடிக்க வேண்டும். இப்போது சேவையில் இருக்கும் அசோக் லேலண்டின் ஸ்டாலியனும் ஒருநாள் கழிக்கப்படும். முதல் தொகுப்பு வண்டிகளில் ஒன்றுக்கு இப்போதே இடம் கேட்டு எழுத வேண்டும்.

இதை ஓசூர் பக்கமிருந்து சொல்வதற்குக் காரணம் உண்டு. ராணுவப் போக்குவரத்து இந்த மண்ணுக்குப் புதிதல்ல. மத்திகிரிப் பண்ணையே 1824-ல் படைக் குதிரைகளுக்காகத் தொடங்கப்பட்டதுதான். 1980-ல் அசோக் லேலண்ட் ஆலை வந்தது முதல் வார்ப்படம், லேத், ரப்பர், பெயின்ட், வயரிங் என்று ஒரு லாரிக்கு வேண்டிய அத்தனை கைவேலையும் இங்கே சில கிலோமீட்டருக்குள் கிடைக்கிறது. 2019-ல் தொடங்கப்பட்ட தமிழ்நாடு பாதுகாப்புத் தொழில் வழித்தடத்தின் ஐந்து மையங்களில் ஓசூரும் ஒன்று. புதிய தளவாடங்களுக்காக ஒதுக்கும் நிலத்தில் பழையவற்றுக்கு ஒரு பொதுக் காப்புக் கொட்டகையும் சிறு பட்டறையும் கேட்பது பேராசை அல்ல. கடலோர மாவட்டங்களில் உப்புக் காற்றில் நிற்கும் அரிய வண்டிகளை இங்கே கொண்டுவந்து காயவைத்து, பதிவு செய்து, சரிபார்த்துத் திருப்பி அனுப்பலாம்.

‘ரெஜிமென்டின் கௌரவம், மக்கள் கண்ணில் பட வேண்டும், வண்டி மிடுக்காக இருக்க வேண்டும்’ என்று முன்னாள் படைவீரர்கள் சொல்வதை மதிக்கிறோம். சேவையில் இருக்கும் வண்டிக்கு மிடுக்கு கட்டாயம். ஓய்வுபெற்ற வண்டியைப் பார்க்க வரும் வீரரும் அவர் பிள்ளைகளும் தேடுவது அவர் கைபட்ட பிடியையும் நெளிந்த மட்கார்டையும் கிறுக்கிய எழுத்தையும்தான். கூரைக்குக் கீழே, நான்கு புறமும் சுற்றிவரும்படி, சாலையிலிருந்து தெரியும்படி வைப்பதில் எந்தத் தடையும் இல்லை.

வடகிழக்குப் பருவமழைக்கு முன் வாசகர்களிடம் ஒரு வேண்டுகோள். உங்கள் பொறுப்பில் ஒரு ராணுவ வாகனம் இருந்தால் இந்த முறை பெயின்ட் ஒப்பந்தத்தை நிறுத்திவையுங்கள். வடிகால் துளையைத் திறந்து தண்ணீரை வெளியேற்றுங்கள். டிராக்கின் மேல் முழுப் பாரமும் விழாதபடி உடற்பகுதிக்கு அடியில் தாங்கி கொடுங்கள். உள்ளே இறங்கும்போது முகக்கவசம் கட்டாயம். பிரேக் லைனிங்கிலும் புகைக்குழாய்ச் சுற்றிலும் ஆஸ்பெஸ்டாஸ் இருக்கலாம், இருட்டில் ஒளிரும் பழைய டயல்களில் ரேடியம் இருக்கலாம், அவற்றைச் சுரண்ட வேண்டாம். பி.ஏ. எண், ஷாஸி எண், எஞ்சின் எண் மூன்றையும் படம் எடுத்து, எழுதி, இதழுக்கு அனுப்புங்கள். வந்தவற்றை மாவட்ட வாரியாகத் தொகுத்து அடுத்தடுத்த இதழ்களில் வெளியிடுகிறோம். எண் கிடைக்காத வண்டிகளையும் அப்படியே குறித்து வெளியிடுவோம், அவற்றில் பணியாற்றியவர்கள் யாராவது படித்து அடையாளம் சொல்லக்கூடும்.