பெட்டகத்துக்கு ரெண்டு சாவி, சங்கத்து வெப்சைட்டுக்கு ஒண்ணு!

எங்க ஊர்த் தமிழ்ச் சங்கத்தோட வெப்சைட் போன மாசம் காணாமப் போச்சு. (ஊர் பேரு வேணாம், பொங்கலுக்குச் சோறு கிடைக்காது.) பார்த்துக்கிட்டிருந்த தம்பி வேலை மாறி வெளிநாடு போயிட்டார். பாஸ்வேர்டு அவர்கிட்ட மட்டும். ஹோஸ்டிங் பணம் கட்டச் சொல்லி வந்த மெயிலெல்லாம் அவரோட பழைய ஆபீஸ் ஐடிக்கு. பதினோரு வருஷத்துப் பொங்கல் மலர் போச்சு. என் பொண்ணு மூணாம் கிளாஸ்ல தமிழ்ல எழுதுன ஒரே கட்டுரையும் அதுலதான் இருந்துச்சு.

கமிட்டி தீர்ப்பு என்ன தெரியுமா? "வெப்சைட் எதுக்கு சார், வாட்ஸ்அப் குரூப் போதும்."

போதுமா? 2009-ல ஜியோசிட்டீஸ் மூடினாங்க, 2019-ல கூகுள் பிளஸ். அடுத்தவன் திண்ணையில பாய் விரிச்சா, அவன் எழுப்புறப்போ எழுந்துதான் ஆகணும்.

பேங்க்ல கேஷ் பெட்டகத்தை ஒருத்தர் தனியாத் திறக்க முடியாது. ரெண்டு சாவி, ரெண்டு ஆள். ஒருத்தர் என்ட்ரி போட்டா இன்னொருத்தர் பாஸ் பண்ணணும். வெப்சைட்டுக்கு மட்டும் ஏன் இந்தப் புத்தி வரமாட்டேங்குது?

நான் பி.காம். புரோகிராமர் இல்லை. மூணு ராத்திரி உட்கார்ந்து டீகேப் சிஎம்எஸ் (2023 வரைக்கும் நெட்லிஃபை சிஎம்எஸ்) போட்டுப் பார்த்தேன். டேட்டாபேஸே கிடையாது. ஒவ்வொரு கட்டுரையும் கிட் களஞ்சியத்துல ஒரு சாதாக் கோப்பு. யார், எப்போ, எந்த வரியை மாத்தினாங்கன்னு லெட்ஜர் மாதிரி நிக்கும். நாலு பேர் அதை க்ளோன் பண்ணி வச்சா, நாலு வீட்லயும் முழு வரலாறு இருக்கும்.

அமைப்பு முழுக்க ஒரே கான்ஃபிக் கோப்பு. எந்தக் களஞ்சியம், எந்தக் கிளை, படத்துக்கு எந்த ஃபோல்டர், என்னென்ன கட்டம்... அவ்வளவுதான். கட்டத்துக்குத் தமிழ்லயே 'தலைப்பு', 'தேதி'ன்னு பேர் வைக்கலாம். எழுபது வயசு செயலாளரும் நிரப்புவார். 'எடிட்டோரியல் வொர்க்ஃப்ளோ'ன்னு ஒரு வரி சேர்த்தா வரைவு, பரிசீலனை, தயார்னு மூணு படி வந்துடும். நம்ம மேக்கர்-செக்கரேதான்!

சிரமம் இல்லாம இல்லை. ஸ்பேஸ் இருக்க வேண்டிய இடத்துல டேப் தட்டினா மொத்தமும் படுத்துக்கும் (முதல் ராத்திரி அப்படித்தான் போச்சு). எழுதினவரே பாஸ் பண்றதை அது தானாத் தடுக்காது, நாமதான் கட்டுப்பாடா இருக்கணும். முக்கியமா, களஞ்சியத்தையும் ஒருத்தர் பேர்ல வச்சா பழைய குருடி கதைதான். கிட்ஹப்ல ஆர்கனைசேஷன் கணக்கு ஆரம்பிச்சு, ரெண்டு பேரை உரிமையாளரா போடுங்க. டொமைனைச் சங்கத்து மெயில்ல பதிவு பண்ணுங்க.

தப்பு அந்தத் தம்பி மேல இல்லை. "அவன் பார்த்துக்குவான்"னு சாவியைத் தூக்கிக் கொடுத்துட்டு இட்லி சாப்பிடப் போன நம்ம மேலதான், என்னையும் சேர்த்து. எனக்கும் அடுத்த வருஷம் டிரான்ஸ்ஃபர் வரும். பொங்கலுக்குப் பந்தல் போட நாப்பது பேர் வர்றீங்க. அதுல ரெண்டு பேர் சாவி வாங்கிக்க வாங்க சாமி!