எஸ்பிரெஸோ மெஷின் வாங்கப் போறீங்களா?

பெட்டியில் போட்டிருக்கும் '15 பார்', '20 பார்' எண்ணைப் பார்த்து மயங்கிவிடாதீர்கள். எஸ்பிரெஸோ இறங்குவதற்கு 9 பார் அழுத்தமே போதும். பெட்டியில் இருப்பது பம்ப்பின் உச்ச அளவு, அவ்வளவுதான்.

முதலில், 'இதில் பம்ப் இருக்கிறதா?' என்று கேளுங்கள். விலை குறைந்த சில மெஷின்கள் வெறும் நீராவியில் இயங்குபவை. அவற்றில் ஸ்ட்ராங் காபி கிடைக்கும், எஸ்பிரெஸோ கிடைக்காது.

அடுத்து, பொடி போடும் சல்லடைக் கிண்ணம். கடையில் அரைத்த பொடி என்றால், புதியவர்களுக்கு 'டபுள் வால்' கிண்ணம்தான் வசதி. அரைப்பு முன்னே பின்னே இருந்தாலும் சமாளித்துவிடும். 'சிங்கிள் வால்' கிண்ணத்தில் ருசி கூடும். ஆனால், நல்ல கிரைண்டரும் வேண்டும். பட்ஜெட்டில் அதற்கும் இடம் விடுங்கள்.

வீட்டில் இருக்கும் சிக்கரி கலந்த பொடியை இதில் போடாதீர்கள். சிக்கரி பிசுபிசுத்துச் சல்லடையை அடைத்துவிடும். உப்புத் தண்ணீரும் வேண்டாம். உள்ளே படிந்து மெஷினைக் கெடுக்கும்.

சின்ன மெஷினில் ஒரு தடவைக்கு ஒன்றிரண்டு கப்தான் வரும். அதனால் ஃபில்டரைப் பரணில் ஏற்றிவிடாதீர்கள். திடீரென்று ஆறு பேர் வந்து நின்றால், கைகொடுப்பது டிகாக்‌ஷன்தான்!